பால்மரக் காடும் போர் டாங்கியும்: 1941 கெடாப் போரும் தோட்டத் தமிழரும்

முன்னுரை

கடாரம் என்றவுடன் தமிழ் கற்றோர் உள்ளத்தில் எழுவது 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பு ஆகும். மெய்க்கீர்த்தியும் பூஜாங் பள்ளத்தாக்கின் அகழ்வுகளும் நம் ஆய்வாளர்களை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளன. அதே கெடா மண்ணில் 1941 டிசம்பரில் மற்றொரு படையெடுப்பு நிகழ்ந்தது. அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. சயாம் - பர்மா இரயில் பாதை நம் நினைவில் ஆழப் பதிந்துள்ளது, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் அதனை நம் இலக்கியத்திற்குள்ளும் கொண்டுவந்தன. ஆனால் அந்த இரயில் பாதைக்குத் தோட்ட மக்களை அனுப்பி வைத்த சூழல் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிச் செல்வோமாயின், சங்லூனுக்கும் ஜித்ராவிற்கும் இடையே மழையில் நனைந்து கிடந்த ஒரு தார்ச்சாலையில் சென்று நிற்போம். அச்சாலையில் வந்தது ஜப்பானியரின் டாங்கி.

போர் வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியைத் தளபதிகளின் முடிவுகளாகவும் படைப்பிரிவுகளின் நகர்வுகளாகவும் மட்டுமே கூறுகின்றன. சாலையின் இருமருங்கிலும் இருந்த தோட்டங்கள் அந்நூல்களில் வெறும் நிலத்தோற்றமாகவே வருகின்றன. நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது வேறு. தொழிற்சாலைகளில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட டாங்கி என்னும் படைக்கலத்தோடு கெடாத் தோட்டங்கள் பல முனைகளில் பிணைக்கப்பட்டிருந்தன. டாங்கிக்கு வேண்டிய இரப்பரைத் தந்தவை அவை. டாங்கி ஓடுவதற்குரிய சாலையைத் தம் வாணிகத்தால் உருவாக்கியவையும் அவையே. அந்த டாங்கி வந்து கடல் வாணிகத்தை அறுத்தபொழுது, வேலையும் சோறும் இழந்து நின்றவர்கள் தோட்டத் தமிழர்.

தொழிற்சாலை தந்த படைக்கலம்

டாங்கி முதன்முதலாகப் போர்க்களத்தில் இறங்கியது 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியில். அன்று அது அரிய பொருள். எண்ணிக்கையில் சில பத்துகளே. அடுத்த ஈராண்டுகளில் பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் சிறிய வகை டாங்கி ஒன்றை 3,000க்கும் மேற்பட்ட அளவில் செய்து தந்தன. ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆயிரக்கணக்கில் டாங்கி செய்யும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது எனலாம். இரண்டாம் உலகப் போரில் அது உச்சத்தை அடைந்தது. சோவியத் நாடு டி-34 வகையில் மட்டும் 50,000க்கும் மேல் செய்தது. அமெரிக்கா ஷெர்மன் வகையில் ஏறத்தாழ 50,000 செய்தது. மோட்டார் வண்டி செய்து பழகிய கிரைஸ்லர் நிறுவனம் டெட்ராய்டு நகருக்கருகில் நடத்திய ஓர் ஆலையிலிருந்து மட்டும் 22,000க்கும் மேற்பட்ட டாங்கிகள் வெளிவந்தன. ஜெர்மனியின் புகழ்பெற்ற 'டைகர்' வலிமையில் மேம்பட்டது; ஆயினும் 1,350 அளவிலேயே செய்யப்பட்டது. போரின் போக்கை முடிவு செய்ததில் எண்ணிக்கைக்கு இருந்த பங்கு இவ்வெண்களால் விளங்கும்.

இவ்வரிசையில் ஜப்பான் கடைசியில் நின்றது. எஃகும் எண்ணெயும் அரிதாயிருந்த அந்நாடு கப்பலுக்கும் வானூர்திக்குமே முதன்மை தந்தது. அதன் டாங்கிகளில் மிகுதியாகச் செய்யப்பட்ட 95ஆம் வகை, 'ஹா-கோ' எனப்படுவது, ஏறத்தாழ 2,300 மட்டுமே. எடை 7.4 டன், மூவர் அமர்வர், 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, கவசத்தின் மிகுதியான தடிப்பு 12 மில்லிமீட்டர். அதனினும் பெரிய 97ஆம் வகை, 'சி-ஹா', 15 டன் எடையும் 57 மில்லிமீட்டர் பீரங்கியும் உடையது. 1939இல் மங்கோலிய எல்லையில் சோவியத் படையோடு நிகழ்ந்த போரில் ஜப்பானிய டாங்கிகள் பெருந்தோல்வி கண்டன. ஐரோப்பியக் களத்தில் அவை ஒரு நாள் நின்றிருக்க மாட்டா என்று கூறினும் மிகையாகாது.

ஆயினும் கெடாவில் அவை வென்றன. உலகப் பட்டியலில் கடைசியில் நின்ற டாங்கி, எதிரில் டாங்கியே இல்லாத இடத்தில் முதலிடம் பெற்றது. மலாயாவைக் காத்து நின்ற பிரிட்டிஷ் படையிடம் 1941 டிசம்பரில் ஒரு டாங்கி கூட இல்லை. ஜப்பானின் 25ஆம் படையிடமோ ஏறத்தாழ 200 இருந்தன.

மலாயாவில் டாங்கி ஏன் இல்லை?

இதற்கு இரு காரணங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, பங்கீடு. 1941இன் பிற்பகுதியில் பிரிட்டன் தன்னிடமிருந்த டாங்கிகளை வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கும், ஜெர்மனியின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்த சோவியத் நாட்டிற்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் நாட்டிற்குச் சென்றவையே சில நூறு. அவற்றுள் ஒரு சிறு பகுதி மலாயாவிற்கு வந்திருந்தாலும் வரலாறு சற்று மாறியிருக்கலாம். மலாயாவின் தலைமைத் தளபதி பெர்சிவல் அவ்வாண்டு ஆகஸ்டில் இரண்டு டாங்கிப் பிரிவுகள் வேண்டுமெனக் கேட்டிருந்தார், வரவில்லை. 1942 ஜனவரி இறுதியில், தீபகற்பம் கைவிடப்பட்டுக்கொண்டிருந்தபொழுது, பழைய சிறு டாங்கிகள் சில வந்து இறங்கின. விருந்து முடிந்தபின் வந்த இலை போன்றது அது.

இரண்டாவது காரணம் நம் ஆய்விற்கு நெருக்கமானது. மலாயா காடும் இரப்பர்த் தோட்டமும் நிறைந்த நாடு, அங்கு டாங்கி ஓடாது என்னும் எண்ணம் படைத்துறையில் பரவியிருந்தது. இவ்வெண்ணம் தோட்டத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்தோரின் எண்ணம். பச்சை நிறம் பூசிய இடமெல்லாம் காடு என்று அவர்கள் கொண்டனர் போலும். தோட்டத்தில் வாழ்ந்தவர் அறிவர்: பால்மரம் நேர் வரிசையில் நடப்பட்டது, அடித்தளம் துப்புரவாக வைக்கப்பட்டது, ஒவ்வொரு நிரைக்கும் இடையே ஆள் தடையின்றி நடக்கலாம். பாலை ஆலைக்குக் கொண்டுசெல்லச் செம்மண் பாதைகள் உண்டு. ஆலையிலிருந்து புகையூட்டிய இரப்பர்த் தகடுகளை நகருக்கும் துறைமுகத்திற்கும் ஏற்றிச்செல்லத் தார்ச்சாலை உண்டு. ஈயமும் இரப்பரும் ஈட்டித் தந்த வருவாயால் மேற்குக் கரை நெடுகிலும் அமைந்த அச்சாலை, ஆசியாவின் சிறந்த சாலைகளுள் ஒன்றாக அன்று கருதப்பட்டது. சிற்றாறுகளின் மேலிருந்த பாலங்களுக்கு ஏழெட்டு டன் எடையுள்ள டாங்கி ஒரு சுமையன்று. டாங்கி சாலையில் வந்தது. காலாட்படை தோட்டத்தின் வழியே பக்கவாட்டில் சென்றது. பிரிட்டிஷார் தடையென்று கருதிய தோட்டமே ஜப்பானியருக்கு வழியாயிற்று.

ஜித்ரா

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை தென் சயாமின் சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களிலும் கிளாந்தானின் கோத்தா பாருவிலும் இறங்கியது. சிங்கோராவில் இறங்கிய 5ஆம் டிவிஷன் கெடாவை நோக்கித் திரும்பியது. சயாமிற்குள் முன்கூட்டியே நுழைவதெனப் பிரிட்டிஷார் வகுத்திருந்த 'மட்டடோர்' திட்டம் அன்று பிற்பகல் கைவிடப்பட்டது. மேஜர் ஜெனரல் மர்ரே-லயன் தலைமையிலிருந்த 11ஆம் இந்திய டிவிஷன், முன்னேறிச் செல்வதற்கு ஆயத்தமாக நின்ற நிலையிலிருந்து அவசரமாகத் தற்காப்புக்குத் திரும்பவேண்டியதாயிற்று. எல்லையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, அலோர் ஸ்டாருக்கு வடக்கே உள்ள ஜித்ராவில் அரண் அமைக்கும் பணி முடிந்திருக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்தது. பதுங்குகுழிகளில் நீர் நிரம்பி நின்றது.

அப்படையின் இயல்பை நாம் கருதவேண்டும். போர் தொடங்கியபின் இந்திய இராணுவம் மிக விரைவாகப் பெருக்கப்பட்டது. தேர்ந்த வீரர் பலர் புதுப் பிரிவுகளுக்கும் மத்தியக் கிழக்கிற்கும் எடுக்கப்பட, மலாயாவிற்கு வந்த பிரிவுகளில் இளைஞரே மிகுதியாயினர். அவர்களுள் பலர் அதுவரை டாங்கி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. தம்மிடம் இல்லாத படைக்கலத்தோடு பயிற்சி செய்வது எங்ஙனம்?

டிசம்பர் 11 அன்று காலையில் சங்லூன் பகுதியில் 1/14 பஞ்சாப் பிரிவு தாக்கப்பட்டது. அது பின்வாங்கி வந்து நங்கா என்னுமிடத்தருகே நின்றபொழுது, பிற்பகலில் பெருமழைக்கிடையே ஜப்பானிய டாங்கிகள் சாலைவழியே வரிசையாக வந்து அதன் நடுவே புகுந்தன. இத்தாக்குதலை நடத்தியது சயேக்கி என்னும் அதிகாரியின் முன்னணிப் பிரிவு; காலாட்களும் டாங்கிகளும் கலந்த சிறு படை. அதனுடன் வந்த ஜப்பானியப் படையலுவலர் சுஜி மசனொபு, தாம் பின்னர் எழுதிய நூலில் ஒரு காட்சியைக் குறிப்பிடுகிறார். சாலையில் பீரங்கிகள் தம்மை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தன என்றும், அவற்றின் அருகே ஒருவரும் இல்லை என்றும், வீரர்கள் மழைக்கு ஒதுங்கி இரப்பர் மரங்களின் கீழ் நின்றனர் போலும் என்றும் அவர் எழுதுகிறார். சுஜி தம் வெற்றியைப் பெருக்கிக் காட்டுபவர். அவர் கூறும் எண்ணிக்கைகளை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய செய்தியைப் பிரிட்டிஷ் தரப்பு வரலாறும் மறுக்கவில்லை.

இச்செய்தி முக்கியமானது. ஹா-கோவின் 12 மில்லிமீட்டர் கவசத்தைத் துளைக்க அப்பீரங்கிகளால் எளிதில் முடியும். ஆதலின் நங்காவில் கவசம் வெல்லவில்லை. டாங்கி வரும் என்னும் எதிர்பார்ப்பே இல்லாத மனநிலைதான் தோற்றது. அன்று மாலையே ஆசூன் பாலத்தில் இதற்குச் சான்று கிடைத்தது. வெடிவைத்த பாலம் தகர்க்கப்படாமற் போனது. எனினும் 2/1 கூர்க்காப் பிரிவினர் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் முன்னால் வந்த டாங்கிகளைப் பாலத்தின்மேலேயே நிறுத்தினர். பின்னர் ஜப்பானியக் காலாட்கள் சூழ்ந்துகொள்ள, அப்பிரிவும் சிதறியது. ஐந்து வாரங்களுக்குப் பின், 1942 ஜனவரி 18 அன்று ஜொகூரின் பக்ரியில் ஆஸ்திரேலியரின் இரு பீரங்கிகள் ஒரே காலைப்பொழுதில் ஒன்பது டாங்கிகளை அழித்தன. அங்கு வந்தவையும் இதே ஹா-கோ டாங்கிகள்.

ஜித்ராவின் முதன்மை அரண் டிசம்பர் 12 நள்ளிரவோடு கைவிடப்பட்டது. மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அரண் அது என்று சுஜி எழுதுவது மிகையாகலாம். ஒன்றரை நாளில் அது வீழ்ந்தது என்பது உண்மை. இருளிலும் மழையிலும் ஒரே சாலைவழியாகப் பின்வாங்கிய டிவிஷன் பீரங்கிகளையும் வண்டிகளையும் ஆட்களையும் பெருமளவில் இழந்தது. ஒரு முழு டிவிஷனை அசைத்தது சில நூறு பேரும் சிறுதொகை டாங்கிகளும் கொண்ட ஒரு முன்னணிப் படை.

குரூண் முதல் மூடா ஆறு வரை

13ஆம் நாள் காலை அலோர் ஸ்டார் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னர், ஜப்பானியர் இருவர் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்துவிட்டனர் என்பர். அவ்வளவு நெருக்கத்தில் பகைவர் பின்தொடர்ந்தனர். இதே நாள்களில், கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான், பினாங்கிற்குக் கொண்டுசெல்லப்படவிருந்த தம் தந்தை சுல்தான் அப்துல் ஹமிதை இடைமறித்துக் கூலிமிற்கு அழைத்துச்சென்றார். மன்னர் தம் மக்களோடு இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. வெள்ளையதிகாரிகளும் துரைமாரும் தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த நேரத்தில் நிகழ்ந்த இச்செயலைக் கெடா மக்கள் நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர்.

அடுத்த அரண் குரூண். மேற்கே குனோங் ஜெராய், கிழக்கே காட்டுமலை. நடுவே சாலையும் இரயில் பாதையும் இரப்பர்த் தோட்டங்களினூடே செல்கின்றன. கெடாவில் காத்து நிற்பதற்கு இயற்கை தந்த மிகச் சிறந்த இடம் அதுவே. பழங்கடாரத்தின் மாலுமிகளுக்குக் கலங்கரை போலிருந்த மலையின் அடிவாரத்தில் டிசம்பர் 14, 15 ஆகிய நாள்களில் போர் நிகழ்ந்தது. களைத்துப் போயிருந்த படையினர்மீது ஜப்பானியக் காலாட்கள் டாங்கிகளின் துணையோடு சாலைவழியே பாய்ந்தனர். 6ஆம் பிரிகேடின் தலைமையகமே அழிக்கப்பட்டது. பீடோங், சுங்கை பட்டாணி ஆகியவை கடந்து, 16ஆம் நாள் இரவோடு எஞ்சிய படை மூடா ஆற்றின் தென்கரையை அடைந்தது. எல்லையில் முதல் குண்டு வெடித்தது முதல் ஏறத்தாழ ஆறு நாள்களில் கெடாவின் தோட்டப் பகுதி முழுவதும் கைமாறிவிட்டது.

இதே 11ஆம் டிவிஷனின் எஞ்சிய பிரிவுகளை 1942 ஜனவரி 7 அன்று பேராக்கின் ஸ்லிம் ரிவரில், ஷிமடா என்னும் அதிகாரியின் தலைமையில் முப்பது அளவிலான டாங்கிகள் விடியற்காலையில் ஊடறுத்துச் சென்று, நண்பகலுக்குள் இரு பிரிகேடுகளைச் சிதைத்தன. கோலாலம்பூர் வீழ்ந்தது அதன் விளைவே. கெடாவில் கற்ற பாடத்தை ஜப்பானியர் அங்குப் பெரிதாக்கிக் காட்டினர்.

இரப்பரும் டாங்கியும்

டாங்கி எஃகினால் ஆனது என்பது பாதி உண்மையே. அதன் சங்கிலித் தடத்தின்மீது உருளும் சக்கரங்களுக்கு இரப்பர் விளிம்பு வேண்டும். அஃதின்றேல் ஓசையும் அதிர்வும் தாங்கொணாதவையாகும், தேய்மானமும் மிகும். ஹா-கோவின் சக்கரங்களும் அத்தகையவையே. அமெரிக்க ஷெர்மனின் தடத்திலேயே இரப்பர்க் கட்டைகள் பொருத்தப்பட்டன. ஒரு டாங்கிக்கு அரை டன் முதல் ஒரு டன் வரை இரப்பர் செலவாயிற்று எனப் பலவாறு கணக்கிட்டனர். டாங்கியின் பின்னே எண்ணெயும் குண்டும் உணவும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரங்களை எண்ணினால் தொகை பன்மடங்காகும்.

போருக்கு முன் அமெரிக்காவின் இரப்பர் இறக்குமதியில் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்காசியாவினது. 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் அந்நாடு இருப்புச் சேர்க்கத் தொடங்கவே, அதுவரை விலை காக்கும் பொருட்டு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்த பன்னாட்டு ஏற்பாடு தளர்த்தப்பட்டது. தோட்டங்களில் வெட்டு பெருகிற்று. இலாபம் பெருகியும் கூலி பெருகவில்லை. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மதிப்பும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபொழுது, இராணுவம் அழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். போருக்கு இரப்பர் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அதைத் தரும் நிலத்தைக் காக்க ஒரு டாங்கியும் தரவில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

கெடாவின் பீடோங் அருகிலிருந்த ஹார்வர்ட் தோட்டம் அமெரிக்காவின் யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ரப்பர் நிறுவனத்தின் துணை நிறுவனத்திற்கு உரியது. மண் முதல் மோட்டார் சக்கரம் வரை ஒரே கையில் இருக்கவேண்டும் என்னும் நோக்கில் அந்நிறுவனம் கீழைநாடுகளில் தோட்டங்களை வாங்கியிருந்தது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, கத்தியும் வாளியும் எடுத்துச் சென்று பால் வெட்டிய தமிழ்ப் பெண்ணின் உழைப்பு, அமிலமிட்டு உறைந்து, உருளையில் தகடாகி, புகையூட்டப்பட்டு, பினாங்குத் துறைமுகம் கடந்து அமெரிக்க ஆலையை அடைந்தது. அத்தகடு லாரியின் சக்கரமாயிற்றா, டாங்கியின் தடமாயிற்றா என்பதை அவர் அறியார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத்தொடர் முற்றிலும் அறுந்தது. அமெரிக்காவில் பழைய சக்கரங்களையும் மழைக்காலணிகளையும் மக்களிடமிருந்து திரட்டினர். அவ்வாண்டின் இறுதியில் நாடு முழுவதும் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பெட்ரோல் குறைவாக இருந்ததனால் அன்று, வண்டிகள் ஓடுவதைக் குறைத்துச் சக்கரங்களைக் காப்பதற்காக. டாங்கித் தடங்களில் இரப்பருக்கு மாற்றாக எஃகு பொருத்தப்பட்டது. சோவியத் நாட்டிலும் அக்காலத்தில், வேறு காரணங்களால் நேர்ந்த இரப்பர்ப் பற்றாக்குறையால், ஸ்டாலின்கிராடு ஆலை டி-34இன் சக்கர விளிம்புகளில் இரப்பரைத் தவிர்த்து எஃகுச் சக்கரங்களைப் பொருத்தியது. இவையெல்லாவற்றினும் நெடிய விளைவு செயற்கை இரப்பர். 1941இல் சில ஆயிரம் டன் மட்டுமே செய்த அமெரிக்கா, 1944இல் 7 இலட்சம் டன்னுக்கும் மேல் செய்தது. அதன்பின் இயற்கை இரப்பர் தனியாட்சி செலுத்தவேயில்லை.

ஜப்பானின் நிலையோ நேர்மாறானது. உலகின் இரப்பரில் பெரும்பகுதி அதன் கையில் வீழ்ந்தது. அதைப் பயன்கொள்ளும் ஆலைகள் அதனிடம் இல்லை. ஆயிரக்கணக்கில் டாங்கியும் இலட்சக்கணக்கில் லாரியும் செய்ய இயலாத நாட்டிற்கு மலாயாவின் விளைச்சலில் சிறு பகுதியே போதுமானதாயிருந்தது. ஜப்பானியர் அமைத்த 'சியோனான் கோமு குமியாய்' என்னும் கூட்டமைப்பு தோட்டங்களை மேற்பார்த்தது. ஆயினும் பல தோட்டங்களில் வெட்டு நின்றது, மரங்களிடையே புல்லும் புதரும் மண்டின. டாங்கியால் தோட்டத்தை வெல்ல முடிந்தது. தோட்டத்திற்கு வேலை தர முடியவில்லை.

தோட்ட மக்கள்

துரைமார் சென்றபின் தோட்டங்களில் எஞ்சியவர்கள் கிராணிமாரும் கங்காணிமாரும் தொழிலாளரும். பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் கப்பலேற்றப்பட்டு, ஆசிய மக்கள் விடப்பட்ட செய்தி டிசம்பர் 17க்குப் பின் கெடாத் தோட்டங்களுக்கும் எட்டியது. ஆட்சியாளர் மீதிருந்த அச்சம் கலந்த மதிப்பு அம்மாதத்தில் உடைந்தது.

கெடா நெல் விளையும் மாநிலம். ஆயினும் தோட்ட மக்கள் உண்டது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி. கூலி நின்று, கப்பலும் நின்றபின், இலயத்தைச் சுற்றிலும் மரவள்ளிக்கிழங்கு நடப்பட்டது. சம்பளமாகக் கிடைத்த வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. இந்திய அரசு 1938இல் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியிருந்தமையாலும், கடல்வழி அடைபட்டமையாலும், ஊர் திரும்பும் வழியும் இல்லை.

இந்நிலையிலேதான் 1942 நடுவில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைப் பணி தொடங்கியது. கடல்வழியே தம் படைக்கு உணவும் படைக்கலமும் அனுப்புவது இடர் மிகுந்ததாக மாறியதால் ஜப்பானியர் இதனை மேற்கொண்டனர். கைதிகளான போர்வீரர் 60,000 பேர் போதாமற்போக, தோட்டங்களில் ஆள் சேர்க்கப்பட்டது. முதலில் நல்ல கூலி என்னும் ஆசைச்சொல், பின்னர்ப் பலவந்தம். கிராணியின் பெயர்ப்பட்டியலே ஆள் பிடிக்கும் கருவியாயிற்று. மலாயாவிலிருந்து சென்றோர் 75,000க்கும் மேற்பட்டோர் என்பதும், அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர் என்பதும், இறந்தோர் 30,000ஐ நெருங்குவர் என்பதும் போருக்குப் பின் எடுத்த கணக்கு. உண்மையில் இறந்தோர் இதனினும் மிகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாதைக்கு வேண்டிய தண்டவாளங்களும் மலாயாவிலிருந்தே சென்றன. கிழக்குக் கரை இரயில் பாதை அதற்காகப் பெயர்க்கப்பட்டது. எஃகு இல்லாத நாடு போர் நடத்தினால், டாங்கிக்கும் தண்டவாளத்திற்கும் குறைந்த எஃகை மனித உடலைக் கொண்டே ஈடுகட்டும் என்பதை இப்பாதையில் காண்கிறோம். மண் வாரும் எந்திரம் செய்யவேண்டியதை மண்வெட்டியும் கூடையும் செய்தன.

ஜித்ராவில் தோற்ற 1/14 பஞ்சாப் பிரிவின் கேப்டன் மோகன் சிங், காட்டில் அலைந்து டிசம்பர் 15 அளவில் அலோர் ஸ்டார் பகுதியில் ஜப்பானிய அதிகாரி புஜிவாராவையும் கியானி பிரீத்தம் சிங்கையும் சந்தித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அச்சந்திப்பே. தம்மை டாங்கியின் முன் வெறுங்கையோடு நிறுத்திய ஆட்சிக்கு இனி ஏன் உழைக்கவேண்டும் என்னும் வினா அவ்வீரர்களிடம் எழுந்ததில் வியப்பில்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் தோட்டத் தமிழ் இளைஞரும் பெண்களும் பெருந்தொகையில் அதில் சேர்ந்தனர்; இரயில் பாதைக்குப் பிடிபடுவதினும் படையில் சேர்வது மேல் என்று எண்ணியோரும் அவர்களுள் இருந்தனர். அவ்விராணுவத்திற்கும் ஜப்பானியர் டாங்கி தரவில்லை. கனரகப் பீரங்கியும் இல்லை. 1945இன் முற்பகுதியில் பர்மாவின் பொப்பா மலைப்பகுதியில் அது நின்றபொழுது, எதிரே பிரிட்டிஷ் இந்தியப் படையின் 255ஆம் டாங்கிப் பிரிகேடு ஷெர்மன்களோடு வந்தது. ஜித்ராவில் டாங்கியின்றி நின்ற இந்திய இராணுவத்திடம் இப்பொழுது அமெரிக்க ஆலைகளின் டாங்கி இருந்தது. எதிரில் டாங்கியின்றி நின்றவர்களும் இந்தியரே.

கெடாவை 1943 அக்டோபரில் ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். இரயில் பாதையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் உயிரோடு மீண்டோர் தத்தம் இலயங்களைத் தேடி வந்தனர். ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் தொண்டர் படை அமைந்தது. அணிவகுப்பும் கட்டுப்பாடும் அவர்களுக்குப் புதியவையல்ல; இந்திய தேசிய இராணுவத்தில் பயின்றவை. அவர்கள் முதலில் எதிர்த்தது கள்ளுக்கடையை. பின்னர்க் கூலிக்கும் குரல் கொடுத்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் அவர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் நிகழ்ந்தது. 1941 டிசம்பரில் டாங்கிகள் குரூணிலிருந்து சுங்கை பட்டாணிக்குச் சென்ற அதே சாலையில், அவ்வாண்டு இரப்பர்த் தகடு ஏற்றிய லாரிகள் மீண்டும் பினாங்குத் துறைமுகத்திற்குச் சென்றுகொண்டிருந்தன.